வார்டிலிருந்து தொழில்நுட்பத் தலைமைக்கு: ஒரு நர்ஸின் பார்வையில் ஓப்பன்எம்ஆர்எஸ்

மருத்துவமனை மென்பொருள் பக்கம் வர நினைக்கும் நர்ஸ்களும் லேப் டெக்னீஷியன்களும் எந்தப் படிப்பில் சேரலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் பெண்கள். ஷிப்ட் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நேரத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஓப்பன்எம்ஆர்எஸ்ஸைத் திறந்து உள்ளே பாருங்கள் என்பதுதான் என் பதில். வார்டு நர்ஸாக இருந்த நான் இப்போது ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது நோயாளித் தகவல்களைக் கணினியில் கையாளும் பிரிவை நடத்துகிறேன். அந்த வழியில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்த மென்பொருள்தான். அதனால், வேலையில் மேலே வர நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு உதவும் என்ற கண்ணோடுதான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

ஓப்பன்எம்ஆர்எஸ் என்பது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை வைத்திருக்கும் திறமூல மென்பொருள். 2004இல் தொடங்கியது. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் பயாண்டிச், பர்க் மாம்லின் என்ற இரு மருத்துவர்கள் கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்ஐவி சிகிச்சைத் திட்டத்தின் பதிவு முறையைப் பார்த்தார்கள். பெருகிவரும் நோயாளிகளை அது தாங்காது என்று தெரிந்ததால் இந்த வேலையில் இறங்கினார்கள். பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் என்ற மருத்துவத் தொண்டு அமைப்பும் அதைச் சேர்ந்த ஹேமிஷ் ஃப்ரேசரும் சேர்ந்துகொண்டார்கள். 2006இல் எல்டோரெட்டில் பயன்பாட்டுக்கு வந்தது, அதே ஆண்டில் ருவாண்டாவிலும். உரிமக் கட்டணம் கிடையாது. டெமோ தளத்தை எதையும் நிறுவாமல் உலாவியிலேயே திறந்து பார்க்கலாம்.

இலவசம் என்பதைவிடப் பெரிய விஷயம், இது திறந்திருக்கிறது என்பது. நாம் வேலை செய்யும் இடத்து மென்பொருளில் நமக்குக் கிடைப்பது திரை மட்டும்தான். நாம் தட்டிய எண் எந்த அட்டவணையில் போய் உட்காருகிறது, எந்தப் பெயரில், எந்த நேரத்தோடு என்று யாரும் காட்ட மாட்டார்கள். இங்கே எல்லாவற்றையும் பார்க்கலாம். ஒரு நோயாளி, அவருடைய ஒரு விசிட், அந்த விசிட்டுக்குள் பல என்கவுன்டர்கள் (நர்ஸோ டாக்டரோ நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று), ஒவ்வொரு என்கவுன்டருக்குள்ளும் அப்சர்வேஷன்கள், அதாவது பார்த்துக் குறித்த விவரங்கள். காலை ரவுண்டில் நாம் எடுக்கும் பிபி, நாடித்துடிப்பு, காய்ச்சல் எல்லாம் தனித்தனி அப்சர்வேஷன்கள். இந்த அடுக்கு மனதில் பதிந்துவிட்டால் வேறு எந்த மருத்துவமனை மென்பொருளைப் பார்த்தாலும் மிரட்சி வராது.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு சின்ன விஷயம். ஒவ்வொரு அப்சர்வேஷனுக்கும் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. நோயாளியிடம் பார்த்த நேரம் ஒன்று, கணினியில் ஏற்றிய நேரம் இன்னொன்று. வார்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். ஆறு மணிக்குக் காய்ச்சல் பார்க்கிறோம், ஆறேகாலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கிறோம், எல்லாப் படுக்கையும் முடித்துக் கணினிக்கு வரும்போது ஏழாகப் போகிறது. ஏற்றிய நேரத்தை வைத்து வரைபடம் போட்டால், மருந்து கொடுத்த பிறகும் காய்ச்சல் அப்படியே இருந்தது போலத் தெரியும். டாக்டர் அதைப் பார்த்து மருந்தை மாற்றக்கூடும்.

அப்போது நான் இருந்த மருத்துவமனையில் ஒரு கூட்டம். நர்ஸ்கள் தாமதமாக வைட்டல்ஸ் (பிபி, நாடித்துடிப்பு, காய்ச்சல் போன்றவை) எடுக்கிறார்கள் என்று மென்பொருளிலிருந்து எடுத்த அறிக்கையைத் திரையில் காட்டினார்கள். எங்கள் தரப்பில் எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். இந்த அறிக்கை எந்த நேரத்தை எடுத்திருக்கிறது, பார்த்த நேரத்தையா, ஏற்றிய நேரத்தையா என்று கேட்டேன். "சிஸ்டர், அது ஐடி விஷயம்" என்று ஒருவர் சொன்னார். நான் விடவில்லை. தேடிப் பார்த்தார்கள், ஏற்றிய நேரம். அறிக்கையைத் திரும்ப எடுத்தபோது தாமதத்தில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. அதற்கு முன்பு, எல்லாம் முடிவான பிறகு மற்ற நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு, படிவத்தை வடிவமைக்கும்போதே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் "சூப்பர் யூசர்" என்ற பட்டத்தோடு நின்றுவிடுகிறோம். டூட்டியும் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குத் திரையும் சொல்லித்தர வேண்டும், பதவி மட்டும் மாறாது. ஆனால் இந்தத் துறையில் நர்ஸ்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. நர்ஸிங்கையும் கணினித் தகவல் வேலையையும் சேர்க்கும் நர்ஸிங் இன்ஃபர்மேட்டிக்ஸை அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் தனிச் சிறப்புத் துறையாக 1992லேயே ஏற்றுக்கொண்டது. நர்ஸாக வேலையைத் தொடங்கிய பட்ரீஷியா ஃப்ளாட்லி பிரென்னன் 2016இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இயக்குநர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்ணும் அவர்தான், முதல் நர்ஸும் அவர்தான்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். தாளில் தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும், வெள்ளை மை தடவவே கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸிலும் அதே ஒழுங்கு. ஒரு பதிவை நீக்கினால் அது வழக்கமாக அழிவதில்லை. செல்லாது என்று குறிக்கப்பட்டு, யார் செய்தது, எப்போது, ஏன் என்ற விவரத்தோடு அப்படியே கிடக்கும். கணினிக்காரர்கள் பெரிய பெயர் வைத்துப் பேசும் பல விஷயங்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை என்ற தைரியம் எனக்கு இங்கேதான் வந்தது.

கான்செப்ட் அகராதி இதன் இதயம். மென்பொருளில் பதிவாகும் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் அங்கே ஒரு கான்செப்ட். எண்ணாக இருந்தால் அலகு, இயல்பான எல்லை, அபாய எல்லை, தாண்டவே முடியாத எல்லை என்று எல்லாம் குறிக்கலாம். 38.6 என்பதற்குப் பதில் 386 என்று தட்டினால் கடைசி எல்லை தடுத்துவிடும். ஆனால் அந்த எல்லையைக் குறுக்கி வைத்துவிட்டால், உடல் விறைத்து 28 டிகிரியில் வரும் நோயாளியின் உண்மையான எண்ணையும் ஏற்ற முடியாது. இந்த எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பதை நிரல் எழுதுபவர் தனியாக முடிவு செய்ய முடியாது. அந்த நோயாளியைப் பார்த்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இடம்தான் நம்முடையது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை, சியல் (CIEL) என்ற ஆயத்த அகராதி இருக்கிறது. பரிசோதனைகளுக்கும் அளவீடுகளுக்கும் உலகெங்கும் பயன்படும் லாயின்க் (LOINC) போன்ற பொதுக் குறியீடுகளோடும் இணைக்கலாம். லாயின்க்கில் உடல் வெப்பநிலைக்கு 8310-5, இதயத் துடிப்புக்கு 8867-4.

இங்கே கற்றது வேறு இடத்துக்கும் பயன்படுமா என்று கேட்பீர்கள். பயன்படும். மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஃபயர் (FHIR) என்ற பொதுத் தரத்திலும் நோயாளி, என்கவுன்டர், அப்சர்வேஷன் என்றுதான் அமைப்பு. பார்த்த நேரத்துக்கும் வெளியிட்ட நேரத்துக்கும் அங்கேயும் தனித்தனி இடம் உண்டு. தவறாக ஏற்றியது என்று குறிக்கவும் ஒரு நிலை உண்டு. வேறு ஒரு நிறுவனத்து இன்டர்வியூவில் நான் பேசியது முழுக்க இந்த அறிவை வைத்துத்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது வாங்கியதும் ஓடும் முழு மருத்துவமனை மென்பொருள் இல்லை, மேலே கட்டிக்கொள்ள ஒரு தளம். பில்லிங், லேப் எல்லாம் சேர்ந்து வேண்டுமென்றால் பாம்னி (Bahmni) போல இதன் மேல் கட்டிய தொகுப்புகளைப் பார்க்க வேண்டும். அடித்தளம் ஜாவா என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும். சொந்தமாக நிறுவிப் பார்க்க, கணினி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. மூன்றாம் பதிப்பில் முகப்பு மாறிவிட்டதால் பழைய விளக்கங்களில் இருக்கும் திரைகள் பொருந்தாது. முக்கியமாக, தலைமைப் பதவியின் மறுபாதியை இது சொல்லித்தராது. பட்ஜெட் போடுவது, ஒப்பந்தத்தில் நம் தேவையை எழுத வைப்பது, மூத்த டாக்டர் கேட்கும் கூடுதல் படிவத்துக்கு வேண்டாம் என்று சொல்வது எல்லாம் வேறு இடத்தில் கற்க வேண்டியவை. அதற்கு ஏற்கெனவே அந்தப் பதவியில் இருக்கும் ஒரு பெண்ணின் துணை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தொடங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். டெமோவில் ஒரு கற்பனை நோயாளியைச் சேருங்கள். உண்மையான நோயாளியின் விவரம் ஒரு எழுத்துகூட வேண்டாம். ஒரு ஷிப்டின் வைட்டல்ஸை ஏற்றுங்கள், ஒன்றைத் தவறாக ஏற்றித் திருத்துங்கள். அப்புறம் உங்கள் வார்டின் வெற்று சார்ட் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அலகு என்ன, எல்லை என்ன, எந்த நேரம் பதிய வேண்டும், மாற்ற யாருக்கு அனுமதி என்று எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். என் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழுக்கு முன்னால் நான் கேட்பது அதைத்தான்.