டிவிடி ரைட்டரை மாற்றாமலே வேகத்தை மீட்டுக் கொடுத்த கொம்தார் கடை

பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் எடுத்த பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியில் போட்டு அத்தை, பெரியம்மா வீடுகளுக்குக் கொடுப்பது எனக்கு வருடா வருடம் உள்ள வேலை. அவர்களுக்கு இன்னும் டிவிடி பிளேயர்தான் கைக்குப் பழக்கம். கேசட்டில் உள்ள வீடியோவைக் கணினிக்குள் ஏற்றும் ஃபயர்வயர் கார்டு என் பழைய பெண்டியம் 4 கணினியில்தான் இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி, அதனால் அதை விட முடியவில்லை.

இந்த முறை ஒரு டிஸ்க் பதிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என்னுடையது 16எக்ஸ் ரைட்டர், அதாவது டிவிடியின் அடிப்படை வேகமான ஒரு எக்ஸைப் போல் 16 மடங்கு, முழு டிஸ்க்கே ஆறேழு நிமிடத்தில் முடிய வேண்டும். பதியும்போது மவுஸ் கூட விட்டு விட்டுத்தான் நகர்ந்தது. முதலில் போன கடையில் திறந்து கூடப் பார்க்காமல் ரைட்டர் போய்விட்டது என்றார்கள், 90 ரிங்கிட் கொடுத்துப் புதிதாக மாட்டினேன், அதே ஆமை வேகம்.

அப்புறம்தான் மச்சான் சொல்லி, பினாங்கு கொம்தார் கட்டடத்தில் இந்த அண்ணன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பதியும்போது மவுஸ் திக்குதா தம்பி?" ஆமாம் என்றதும், கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ரைட்டரை மதர்போர்டோடு இணைக்கும் செகண்டரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு பக்கத்தைக் காட்டினார். டிஎம்ஏ இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ என்று இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டும் தரவை அனுப்பும் முறைகள். டிஎம்ஏவில் தரவு நேராக மெமரிக்கும் ரைட்டருக்கும் இடையே ஓடும், பிஐஓவில் ஒவ்வொரு துளியையும் பிராசஸரே கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதனால்தான் மவுஸும் சேர்ந்து திணறுகிறது. 16எக்ஸில் பதிய நொடிக்கு 22 எம்பி வேண்டும், பிஐஓவின் உச்சமே கணக்குப்படி 16.6தான், நடைமுறையில் அதற்கும் எவ்வளவோ கீழே. கேபிள் கோளாறாலோ கீறல் விழுந்த டிஸ்க்காலோ பிழைகள் சேரச் சேர எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக் கடைசியில் பிஐஓவில் விட்டுவிடும், தானாகத் திரும்பி ஏறாது. கோளாறு ரைட்டரில் இல்லை, புது ரைட்டர் வாங்கியும் பயன் இல்லாமல் போனது அதனால்தான்.

அவர் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் போட்டார், விண்டோஸே அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்கு வந்துவிட்டது. அதோடு அனுப்பிவிடவில்லை. பிழை எங்கிருந்து வந்தது என்று தேடி, மடங்கிப் போன 40 கம்பி கேபிளைக் கழற்றி 80 கம்பி கேபிள் போட்டார். நான் கொண்டுபோன டிஸ்க்கில் 8எக்ஸில் பதிந்து காட்டினார், ஒன்பது நிமிடம். பழைய பிளேயர்களுக்கு 16எக்ஸை விட 8எக்ஸே நம்பகமானது என்பது அவர் அனுபவம், நானும் இப்போது அப்படியே செய்கிறேன். பெயர் இல்லாத மலிவு டிஸ்க்கை ரைட்டர் அடையாளம் காணாவிட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் வெர்பாட்டிம் மாதிரி தெரிந்த டிஸ்க்காக வாங்கச் சொன்னார்.

எல்லாம் சேர்த்து 25 ரிங்கிட்.

நான் இருந்தபோதே ஒருவர் பழைய மடிக்கணினிக்கு யூஎஸ்பி ரைட்டர் கேட்டு வந்தார். அதில் இருந்தது பழைய யூஎஸ்பி 1.1, கணக்குப்படி நொடிக்கு 12 மெகாபிட், நடைமுறையில் டிவிடியின் ஒரு எக்ஸுக்கே அது போதாது. இதற்கு வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார், விற்றிருந்தால் காசுதானே! எனக்கு இந்தக் கடை மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

குறை என்றால், கடை ரொம்பக் குறுகல், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். பணம் ரொக்கமாகத்தான் வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. கணினியோடு அது பயன்படுத்தும் டிஸ்க் ஒன்றையும் எடுத்துப் போங்கள், பதிந்து பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறார்.