27 அங்குல கேமிங் மானிட்டர்: இணையத்தில் மலிவாகவா, ஈப்போ கடையிலா?

எங்கள் வீட்டில் மேசை ஒன்றுதான். மேலே என் கணினி, பக்கத்துத் தட்டில் தம்பியின் பிஎஸ்5 கேம் கன்சோல். பள்ளி விட்டு வந்தால் திரை அவனுக்கு. ஆலையில் ஷிப்ட் முடித்து நான் வந்து குளித்துச் சாப்பிட்டபின் எனக்கு. ஆலைக் கணக்கைச் சில நாள் வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டியிருக்கும், அதுவும் இதே திரையில்தான். பழைய மானிட்டர் போனபிறகு ஒரே மானிட்டர் இந்த மூன்று வேலைக்கும் வேண்டும், 800 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டக்கூடாது என்று தேட ஆரம்பித்தேன். வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இருப்பவர்கள் இதே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் தள்ளிவைத்த இரண்டைச் சொல்லிவிடுகிறேன். 43 அங்குல 4கே டிவி ஒன்று. கன்சோல் மட்டும்தான், நாற்காலியைத் தள்ளிப் போட்டுத்தான் விளையாடுவோம் என்றால் டிவியே போதும், மேற்கொண்டு படிக்க வேண்டாம். மேசைக்கு அது சரிவராது. இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும். மலிவான டிவிகள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது படம் நொடிக்கு 60 தடவைதான் மாறும். கணினி எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிந்த மாதிரி தெரிவதும் உண்டு. இன்னொன்று 24 அங்குல 1080பி மானிட்டர். 1080பி என்றால் திரையில் மேலிருந்து கீழே 1080 வரிசைப் புள்ளிகள். 450 வெள்ளிக்கே 180 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு மட்டும் ஆடுகிறவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் கணக்குத் தாளில் இருபது பத்தி திறந்து வைப்பவனுக்கு இடம் போதவில்லை. அதே 1080பியை 27 அங்குலத்தில் வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளி வருகிறது, 27இல் அது 82ஆகக் குறைந்துவிடும், எழுத்து பிசிறடிக்கும். 27 அங்குலத்தில் 1440பி என்றால் 109 புள்ளி.

அதனால் 27 அங்குலம், 1440பி என்று முடிவானது. இங்கே ஒரு பழைய பயத்தைத் தீர்க்க வேண்டும். பிஎஸ்5க்கு 1440பி மானிட்டர் வாங்காதே என்று பலர் இன்னமும் சொல்கிறார்கள். 2020இல் அது வெளிவந்தபோது அந்தப் பேச்சு சரிதான், 1440பி வசதியே அதில் இல்லை. 2022 செப்டம்பர் மென்பொருள் மேம்படுத்தலில் அது வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், எக்ஸ் இரண்டுக்கும் தொடக்கத்திலிருந்தே உண்டு. நின்டெண்டோவின் பழைய ஸ்விட்ச் 1080பிக்கு மேல் போகாது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, டாக்கில் (திரையோடு இணைக்கும் தாங்கி) வைத்தால் 1440பியில் 120 ஹெர்ட்ஸ் வரை தரும்.

கணினிப் பக்கம் ஓர் எச்சரிக்கை. 1080பியைவிட 1440பியில் 78 விழுக்காடு கூடுதல் புள்ளிகள், அவ்வளவும் கிராபிக்ஸ் கார்டு தலையில்தான் விழும். என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. பெரிய விளையாட்டுகளில் நடுத்தர அமைப்புக்கு இறங்கி, டிஎல்எஸ்எஸ் (குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டுத்தான் ஓட்டுகிறேன். அதற்கும் பழைய கார்டு என்றால் முதலில் கார்டைப் பாருங்கள்.

கடைசியில் இரண்டு மானிட்டர் நின்றன. இரண்டின் பேனலும் (படம் காட்டும் திரைப் பலகை) வேறு வேறு வகை, விஏ, ஐபிஎஸ் என்று. ஒன்று இணையத்தில் பார்த்தது: வளைந்த விஏ திரை, 180 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ (படம் அனுப்பும் வயர் இணைப்பு) 2.1, விலை 569 வெள்ளி, வீட்டுக்கே வந்துவிடும். இன்னொன்று ஈப்போவில் யிக் ஃபோங் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடையில் பார்த்தது: எல்லாருக்கும் தெரிந்த பிராண்டு, தட்டையான ஐபிஎஸ் திரை, அதே 180 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.0, 749 வெள்ளி, மூன்று வருட உத்தரவாதம். நான் வாங்கியது இரண்டாவதை. வித்தியாசம் 180 வெள்ளி. எங்கள் வீட்டில் அது இரண்டு வாரச் சந்தைச் செலவு, சும்மா தூக்கிக் கொடுக்கும் காசு இல்லை.

படத்தைப் பொறுத்தவரை விஏவில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) வழக்கமாக 3000:1 அளவில் வரும், ஐபிஎஸ்ஸில் 1000:1தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டான காட்சியைப் பார்த்தால் என் திரையின் மூலைகளில் வெளுப்பு தெரிகிறது. ஆனால் என் பழைய மானிட்டர் விஏ. இருட்டில் கேமராவை வேகமாகத் திருப்பினால் நிழல்கள் பின்னாலேயே மை மாதிரி இழுபடும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். எனக்கு மூலை வெளுப்பு பரவாயில்லை, அந்த இழுவைதான் ஆகாது.

எச்டிஎம்ஐ விஷயத்தில் இணைய மானிட்டருக்கே வெற்றி, அதை மறைக்கமாட்டேன். கன்சோல்களில் டிஸ்பிளே போர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ ஒன்றுதான் வழி. 1440பியில் 120 ஹெர்ட்ஸுக்கு 2.0 போதும். ஆனால் பிரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்கும் விஆர்ஆர் வசதிக்குப் பிஎஸ்5 கேட்பது எச்டிஎம்ஐ 2.1 வகையை. அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் ஃபிரீசிங்க் மட்டும் இருந்தால் எக்ஸ்பாக்ஸ் ஏற்றுக்கொள்ளும், பிஎஸ்5 ஏற்காது. என் மானிட்டரில் தம்பிக்கு விஆர்ஆர் இல்லை. அவன் ஆடுவது பெரும்பாலும் காற்பந்து, 60இல் நிலையாக ஓடுவது, அதனால் அவன் அதைத் தேடியதே இல்லை. 48க்கும் 120க்கும் நடுவில் தள்ளாடும் விளையாட்டுகளை ஆடுகிறவருக்கு இது உண்மையான இழப்பு.

இவ்வளவு இருந்தும் 180 வெள்ளி கூடக் கொடுத்தேன் என்றால் காரணம் ஒன்றே ஒன்று. கெட்டுப்போனால் அதை யார், எங்கே தூக்கிக்கொண்டு போவது?

என் பழைய மானிட்டரையும் இணையத்தில்தான் வாங்கினேன், 480 வெள்ளிக்கு. எட்டாவது மாதம் திரையின் நடுவில் செங்குத்தாக ஒரு பச்சைக் கோடு. மூன்று வாரத்தில் இடது பக்கம் முழுக்க இருண்டுவிட்டது. ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறதே என்று தைரியமாகச் செய்தி அனுப்பினேன். விற்றவர் தந்த முகவரி வெளிநாட்டுக் கிடங்கு. அனுப்பும் செலவு என்னுடையது. பெட்டியையும் ஸ்டைரோஃபோமையும் அம்மா எப்போதோ குப்பைக்குப் போட்டிருந்தார். கூரியர் முகப்பில் இருந்த அக்கா திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெட்டி இல்லாம அனுப்பி உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல தம்பி, யோசிச்சுக்கங்க" என்றார். டவுனில் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பேனல் மாற்றுகிற காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று அவர் சொன்னது உண்மைதான், மானிட்டரின் விலையில் பெரும் பங்கு பேனல்தான்.

480 வெள்ளி, எட்டு மாதம். மாதம் 60 வெள்ளி கொடுத்து ஒரு திரையை வாடகைக்கு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. 749 வெள்ளியை 36 மாதத்தில் வகுத்தால் மாதம் 21 வெள்ளிகூட வரவில்லை. இணைய விலையோடு உள்ள 180 வெள்ளி வித்தியாசம் மாதம் 5 வெள்ளி, ஒட்டுக்கடையில் ஒரு தட்டு மீயின் காசு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபிறகுதான் அம்மாவும் சரி என்றார்.

"மூன்று வருடம்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பக்கூடாது. உத்தரவாதம் தருவது மலேசியாவில் உள்ள விநியோகஸ்தரா, விற்பவர் தானாகச் சொல்வதா என்று கேளுங்கள். பேனலும் பின்விளக்கும் அதில் அடங்குமா, இல்லை மின்பகுதிக்கு மட்டும்தானா? எத்தனை செத்த புள்ளி (ஒளிராத புள்ளி) இருந்தால் மாற்றித் தருவார்கள்? அனுப்பும் செலவு யாருடையது? நான் வாங்கிய கடையில் நாம் கொண்டுபோய் முகப்பில் கொடுத்தால் போதும், சேவை மையத்துக்கு அவர்களே அனுப்புகிறார்கள். என் மானிட்டர் இன்னும் கெடவில்லை, அதனால் இதை என் கையால் சோதிக்க நேரவில்லை. ஆலையில் என்னுடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்கு அதே கடையில் வாங்கிய பவர் சப்ளை போனது, மூன்று வாரத்துக்குள் புதிது வந்தது. நான் அந்தக் கடைக்குப் போனதே அதைக் கேட்டுத்தான்.

விற்பவருக்கு இந்த நாட்டில் முகவரி இருப்பதில் இன்னொரு பலமும் உண்டு. தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கிடங்கின் மேல் எங்கே போய் மனுப் போடுவது?

ரசீதை அன்றைக்கே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

வாங்கப் போன அன்று மாமாவின் பழைய சாகா காரை இரவல் வாங்கிக்கொண்டோம். 27 அங்குலப் பெட்டியை மோட்டாரில் கொண்டுவர முடியாது. தம்பி பிஎஸ்5ஐப் பள்ளிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டான். கடைக்காரர் முகம் சுளிக்காமல் இணைத்துப் பார்க்க விட்டார். பிஎஸ்5இன் அமைப்புகளில் திரைப் பகுதிக்குள் போனால் வீடியோ அவுட்புட் விவரம் என்று ஒரு பக்கம் வரும். 1440பி, 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் எதற்கெல்லாம் இந்தத் திரை ஒத்துவரும் என்று அதிலேயே தெரிந்துவிடும். விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதைவிட அந்தப் பக்கத்தை நம்பலாம். அப்படியே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெற்று நிறப் படங்களை முழுத்திரையில் ஓடவிட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தோம். பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

இடி மின்னலுக்கு எந்த உத்தரவாதமும் கைகொடுக்காது, பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் அது விலக்காகவே எழுதியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் வருடக் கடைசியிலும் மதியத்துக்குமேல் வானம் இருட்டினால் நாங்கள் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம். மின்சார வயரோடு மோடத்திலிருந்து வரும் வயரையும் கழற்ற வேண்டும். அந்த வயர் வழியாகக் கணினிக்குள் வரும் மின்னல் எச்டிஎம்ஐ வழியாகத் திரையையும் எரித்துவிடும்.

கையில் 500 வெள்ளிதான் இருக்கிறது, காத்திருக்க முடியாது என்றால் 24 அங்குல 1080பி ஐபிஎஸ் வாங்குங்கள், தப்பே இல்லை. அதையும் ஈப்போவிலோ கோலகங்சாரிலோ முகம் தெரிந்த கடையில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு வரி இருப்பதால், அந்த விலையில் இணையத்தில் மிச்சமாவதும் முன்போல் இல்லை. 24 அங்குலப் பெட்டி என்றால் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள மோட்டாரிலேயே கொண்டுவந்துவிடலாம். பெட்டியை மட்டும் தூக்கி எறியாதீர்கள். எங்களுடையது ஸ்டைரோஃபோமோடு அலமாரிக்கு மேல் இருக்கிறது, உத்தரவாதம் முடியும் 2027 வரைக்கும் அங்கேதான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.