பயணத்தில் கேமரா படங்களுக்குக் காவல்: கார்டா, லேப்டாப்பா, போனா, கிளவுடா?

பயணத்தில் எடுத்த படங்கள் பறிபோவது பெரும்பாலும் நான்கு வழிகளில். கார்டு கெட்டுப்போகும், பை திருடு போகும், கேமரா தண்ணீரில் விழும், இல்லையென்றால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நாமே தவறான கார்டை ஃபார்மேட் செய்துவிடுவோம். எந்த பேக்கப் முறையும் இந்த நான்கையும் ஒருசேரத் தடுப்பதில்லை. ஆகவே எந்தக் கருவி உசத்தி என்று பார்ப்பதைவிட, எது எந்த ஆபத்துக்கு எதிராக நிற்கும் என்று பார்ப்பதுதான் சரி.

அதற்கு முன் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. 45 மெகாபிக்சல் என்றால் 50 எம்பியைத் தாண்டும். 24 மெகாபிக்சலில் நாளுக்கு 500 படம் எடுப்பவருக்குத் தினமும் 15 ஜிபி, பத்து நாளில் 150 ஜிபி. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோ நிமிடத்துக்கு 750 எம்பி தின்னும். இருபது நிமிட வீடியோவும் ஒரு முழு நாள் படங்களும் ஒரே எடை.

கார்டை அழிக்காமல் வைத்திருப்பது

இதைவிட எளிய வழி இல்லை. நிறைய கார்டு வாங்கிக்கொள்வது, ஊர் திரும்பும்வரை எதையும் அழிக்காமல் இருப்பது. தவறுதலாக ஃபார்மேட் செய்யும் ஆபத்து கிட்டத்தட்ட ஒழிந்துவிடும். நிறைந்த எஸ்டி கார்டின் பக்கவாட்டு லாக்கைக் கீழே தள்ளி, உறையில் முகம் குப்புற வைத்தால் அது ‘முடிந்த கார்டு’ என்று இருட்டிலும் தெரியும். அந்த லாக் கார்டுக்குள் இருக்கும் பூட்டு இல்லை; ரீடரும் கேமராவும் அதைப் பார்த்து மதித்தால்தான் வேலை செய்யும். இருந்தாலும் கை தவறுவதைத் தடுக்க அது போதும்.

ஒரே 256 ஜிபி கார்டா, நான்கு 64 ஜிபி கார்டா என்ற சண்டை பழையது. பெரிய கார்டு கெட்டால் எல்லாமே போகும். சின்ன கார்டுகளை அடிக்கடி மாற்றினால் ஒன்று கீழே விழுந்து தொலையும். 64 அல்லது 128 ஜிபி நடுத்தரமான தேர்வு. மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிப் பயன்படுத்துவதைத் தவிர்ப்பது நல்லது. தொடர்பு முனைகள் இரட்டிப்பாகின்றன, பழுதும் அங்கேதான் தொடங்கும்.

இந்த முறையின் குறை: ஒவ்வொரு படத்துக்கும் ஒரே ஒரு பிரதி. கேமராவில் கார்டு செருக இரண்டு ஸ்லாட் இருந்தால் இது தீர்ந்துவிடும், ஆனால் மெனுவில் சரியாக அமைத்திருக்க வேண்டும். ‘ஓவர்ஃப்ளோ’ என்பது முதல் கார்டு நிரம்பிய பின் இரண்டாவதற்குப் போவது. அது பேக்கப் ஆகாது. ‘பேக்கப்’ என்ற அமைப்பில்தான் இரண்டிலும் ஒரே படம் பதியும். அப்போது வேகத்தை மெதுவான கார்டுதான் தீர்மானிக்கும். வேகமான வி90 கார்டுக்குப் பக்கத்தில் மெதுவான வி30 கார்டைப் போட்டால் தொடர்ச்சியாகச் சுடும்போது பஃபர், அதாவது கேமராவின் தற்காலிக நினைவகம், சீக்கிரம் நிரம்பி கேமரா திணறும்.

இரண்டு கார்டும் கேமராவுக்குள்ளேயே கிடந்தால் திருடனுக்கு இரண்டும் சேர்ந்தே போகும். தினமும் இரவில் இரண்டாவது கார்டை எடுத்து உடையில் உள்ள ஜிப் பையிலோ உடன் வருபவரின் பையிலோ போட்டுவிட்டு, அங்கே புதுக் கார்டைச் செருகுங்கள். கம்பியோ மின்சாரமோ இணையமோ தேவைப்படாத இரட்டைப் பிரதி இது. கார்டு எண்ணிக்கை இரட்டிப்பாகும், அவ்வளவுதான் செலவு.

லேப்டாப்பும் எஸ்எஸ்டியும்

எப்படியும் லேப்டாப் சுமப்பவருக்கு, கூடவே ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) என்ற இதுதான் முதல் தேர்வு. நகலெடுத்ததைச் சரிபார்க்கும் வசதி இங்கேதான் முழுமையாக உண்டு. நகலெடுக்கும் மென்பொருள்களான விண்டோஸின் டெராகாப்பியில் ‘வெரிஃபை’, மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்சிங்கில் ‘-c’ கட்டளை இரண்டு பக்க ஃபைல்களையும் முழுதாகப் படித்து ஒப்பிடும். சாதாரணமாக இழுத்துப் போட்டால் இந்த ஒப்பீடு நடக்காது.

படங்களை கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும். கட் செய்யும்போது நடுவில் கம்பி கழன்றால் எது எங்கே இருக்கிறது என்று தேட நேரிடும். ஒவ்வொரு கார்டுக்கும் தேதியோடு கார்டு எண்ணும் சேர்த்துத் தனி ஃபோல்டர் போடுங்கள். ஏன் என்றால், கேமரா படங்களுக்கு 9999 வரை எண் கொடுத்துவிட்டு மறுபடி 0001-க்குத் திரும்பும். இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரே பெயரில் இரண்டு படம் வருவது சகஜம். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ‘ரீப்ளேஸ்’ என்ற கேள்விக்கு அசதியில் ஆம் என்று தட்டினால், நல்ல கார்டில் இருந்து வந்த நல்ல படம் சத்தமில்லாமல் அழியும்.

வெளி டிஸ்க்கில் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? அதே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க் மலிவு என்பதைத் தவிரப் பயணத்துக்கு அதில் எந்த அனுகூலமும் இல்லை. ஓடும்போது கீழே விழுந்தால் படிக்கும் முனை உள்ளே சுழலும் தட்டில் உரசும். மேலும், அந்த முனை காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அதனால் சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளை ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம் வரை இயக்கவே தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். உயர்ந்த மலைப் பயணத்துக்கு அது ஒத்துவராது. எஸ்எஸ்டிக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. அதில் முதலில் போவது பெரும்பாலும் கேபிள்தான், ஆகவே இரண்டு கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். அவை டேட்டா கேபிள்களா என்பதையும் பாருங்கள். போனோடு வரும் சார்ஜிங் கேபிள் பல நேரங்களில் பழைய, மெதுவான யுஎஸ்பி 2 மட்டுமே. 64 ஜிபியை நகலெடுக்க நல்ல கேபிளும் யுஎச்எஸ்-1 வேக வகை கார்டு ரீடரும் இருந்தால் பன்னிரண்டு நிமிடம். யுஎஸ்பி 2 வழியாக அரை மணி நேரம்.

போனும் எஸ்எஸ்டியும்

லேப்டாப் வேண்டாம் என்பவர்களுக்கு இன்றைக்கு இதுதான் சரியான வழி. நுணுக்கங்கள் மட்டும் கொஞ்சம் அதிகம்.

தேவை: கார்டு ஸ்லாட், யுஎஸ்பி போர்ட், சார்ஜர் செருகும் போர்ட் மூன்றும் உள்ள ஒரு ஹப், ஒரு எஸ்எஸ்டி, ஒரு பவர் பேங்க். ஹப்பைப் போனில் செருகி, பவர் பேங்கை ஹப்பில் இணைத்து, பிறகு கார்டையும் எஸ்எஸ்டியையும் போடுங்கள். பவர் பேங்கைத் தவிர்க்க நினைக்காதீர்கள். யுஎஸ்பி-சி ஐபோன் வெளிக் கருவிகளுக்குக் கொடுப்பது 4.5 வாட் வரைதான். ரீடரும் எஸ்எஸ்டியும் சேர்ந்து அதைத் தாண்டினால் நகலெடுக்கும் பாதியில் எஸ்எஸ்டி திரையிலிருந்து மறைந்துவிடும்.

எஸ்எஸ்டியைக் கிளம்பும் முன்பே எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் ஃபார்மேட் செய்து வையுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள டிஸ்க்கில் ஐபோன் எழுதாது. பல ஆண்ட்ராய்டு போன்கள் அடையாளமே காணாது. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க்கும் போனில் திறக்காது.

ஐபோனில் ‘ஃபோட்டோஸ்’ செயலி வழியாக இம்போர்ட் செய்தால் படங்கள் போனின் உள்நினைவகத்துக்குப் போகும். முடிவில் ‘கார்டிலிருந்து அழிக்கவா?’ என்று வேறு கேட்கும், அங்கே ‘கீப்’ என்றே தட்ட வேண்டும். நமக்கு வேண்டியது ‘ஃபைல்ஸ்’ செயலி. அதில் கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரை காப்பி செய்து எஸ்எஸ்டியில் பேஸ்ட் செய்யலாம். திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, கடைசிப் படங்கள் சிலவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரைகுறையாக நின்ற நகல் பெரும்பாலும் கடைசியில்தான் வெளிப்படும்.

புரோ வகை அல்லாத ஐபோன் 15, 16-இல் யுஎஸ்பி 2 வேகம்தான். கார்டிலிருந்து படிப்பதும் எஸ்எஸ்டியில் எழுதுவதும் அதே குழாயில் நடப்பதால் 64 ஜிபிக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். புரோ வகையிலும் யுஎஸ்பி 3 உள்ள ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்தத் தொல்லை இல்லை.

கார்டைச் செருகினால் தானே நகலெடுக்கும் தனிப் பெட்டிகளும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் பெட்டி தன் செயலியை நம்பியே வாழ்கிறது. நிறுவனம் கைவிட்டால் பெட்டியும் முடங்கும். போனே இதைச் செய்யும்போது அதற்குத் தனிச் செலவு தேவையில்லை.

கிளவுட்

எல்லாப் பையும் ஒரே நேரத்தில் போனாலும் நிற்பது கிளவுட் மட்டுமே. ஆனால் ரா ஃபைல்களுக்கு அது கனவு. விநாடிக்கு 10 மெகாபிட் அப்லோடு கிடைத்தால் 64 ஜிபி ஏற 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும், விடுதி வைஃபை அதற்குள் எத்தனை முறை அறுபடுமோ. அன்றைய படங்களில் மிகச் சிறந்த ஐம்பதை மட்டும் ஜேபெக்காக ஏற்றினால், ஒன்று 8 எம்பி என்று வைத்தாலும், ஐந்தாறு நிமிடத்தில் முடியும். கூகுள் ஃபோட்டோஸில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ அமைப்பு 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களைச் சுருக்கிவிடும், ‘ஒரிஜினல்’ என்று மாற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயிலோடும் டிரைவோடும் பங்கு போட்டது. போனில் இடம் வேண்டும் என்று அதே செயலியில் படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும் என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

யாருக்கு எது

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்கிறது. பயணத்தில் ‘வேறிடம்’ என்றால் வேறு பை, வேறு ஆள். ஒரு வாரத்துக்குள் முடியும் பயணம், இரண்டு ஸ்லாட் கேமரா என்றால் கார்டுகள் மட்டுமே போதும். ஒரே ஸ்லாட் இருந்தால் அழிக்காத கார்டு, போன் வழியாக ஒரு எஸ்எஸ்டி, தேர்ந்த படங்களுக்குக் கிளவுட். காசு வாங்கிப் படம் எடுப்பவருக்கு லேப்டாப்பும் சரிபார்ப்பும் கட்டாயம். எந்த நிலையிலும் எஸ்எஸ்டி கேமராப் பையில் இருக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கேமரா ‘கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கார்டை வெளியே எடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். புதிதாக எழுதப்படுவது பழைய படத்தின் மேல்தான் விழும். லாக்கைத் தள்ளித் தனியே வைத்துவிட்டு, கணினி கிடைக்கும்போது ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். பழைய ஃபைல் பெயர்கள் பெரும்பாலும் திரும்பி வராது, படங்கள் வரும்.