பிரான்ஸ் குக்கிராமத்தில் வாடகைக்கு ஒரு பண்ணை வீடு

பாரிஸில் பிள்ளைகள் இருக்கிற திருகோணமலை ஆட்கள் அங்கே போனால் லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு, ஈஃபிள் கோபுரம், லூர்து மாதா, இவ்வளவோடு திரும்பி வந்துவிடுவார்கள். அதற்கு வெளியே ஒரு பிரான்ஸ் பார்க்க ஆசையென்றால் நடு பிரான்ஸின் க்ரூஸ் மாவட்டத்தில் மருமகன் பிடித்துத் தந்த இந்த வீட்டைத் தாராளமாகச் சொல்வேன், ஆனால் கார் இல்லாமல் போகவே வேண்டாம். பாரிஸ் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்று மணித்தியாலத்துக்குள் லா சூத்தரேன் வந்துவிடும், அங்கிருந்து ஊருக்குப் போவதுதான் பாடு.

ஊர் என்றால் ஒரு தேவாலயம், சில நாட்களில் மட்டும் திறக்கிற நகரசபைக் கட்டடம், 1914-18 போரில் செத்த பொடியன்களின் பெயர் வெட்டிய கல், கொஞ்சக் கல்வீடுகள். இவ்வளவு சின்ன ஊருக்கு அந்தப் பெயர்ப்பட்டியல் நீளம்தான். கடை கிடையாது. பாண் வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும், எங்கள் பாண் ஓட்டோ மாதிரி, பாட்டு மட்டும் இல்லை. பக்கத்து ஊர்க் கடைகளும் பகல் 12 மணிக்கு மூடினால் 2 மணிக்குத்தான் திறக்கும், ஞாயிறு பின்னேரம் கேட்கவே வேண்டாம்.

வீட்டைச் சுற்றி செம்மண் நிறத்தில் லிமுசான் மாடுகள், கன்றுகள் தாயோடேயே மேயும், பார்க்க அவ்வளவு வடிவு. தம்பலகாமத்தில் பிறந்த அம்மா போன கையோடு கறந்த பால் கேட்டார். இது இறைச்சிக்கு வளர்க்கிற இனம், பால் முழுக்கக் கன்றுக்குத்தான் என்று வீட்டுக்காரர் விளக்க, மருமகன் அதில் இறைச்சி என்ற பகுதியை மட்டும் மொழிபெயர்க்காமல் விழுங்கிவிட்டார். ஆக, இத்தனை மாட்டுக்கு நடுவே தேத்தண்ணிக்குப் பெட்டிப் பால்தான்.

இந்த மாதிரி வீடுகளுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒன்று முதல் ஐந்து வரை கோதுமைக் கதிர் போட்டுத் தரம் சொல்கிற சங்கம் ஒன்று உண்டு, எங்களுடையது மூன்று கதிர், அதற்கேற்ற சுத்தம். கட்டில் விரிப்பு வாடகைக்குள் சேராது, கொண்டுபோங்கள், இல்லையென்றால் தனிக்காசு. போகும்போது கூட்டித் துடைக்காவிட்டால் அதற்கும் காசு, இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கோடையில் இரவு பத்து மணி மட்டும் வெளிச்சம் இருப்பதால் முதியவர்களுக்கு ஆறுதலாக நடக்கலாம். இளம் பிள்ளைகளுக்கு ஃபோன் சிக்னல் கிணற்றடியில்தான்.

அரிசி, தூள் எல்லாம் லா சப்பலிலேயே வாங்கிக் காரில் போட்டுவிடுங்கள். கருவாடு மட்டும் வேண்டாம், குசினிக்கு ஒரே ஒரு சின்ன யன்னல், வீட்டுக்காரர் குடியிருப்பது மேல்மாடியில்.