திங்க்பேட் டி480: அலுவலகத்தில் ஓய்வு பெற்று மாணவரிடம் வேலைக்குச் சேரும் கணினி

பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே வீட்டில் இந்தக் கேள்வி எழும்: ஆயிரம் மலேசிய வெள்ளிக்குள் என்ன மடிக்கணினி வாங்கலாம்? அந்த விலைக்குப் புதிதாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் கணினியின் மூளையான சில்லு மெதுவானது, வேலை நினைவகமான ரேம் பிறகு கூட்ட முடியாதபடி பலகையோடு பற்றவைக்கப்பட்டது. குரோமில் பத்து டேப் திறந்து ஒரு பக்கம் கூகுள் மீட்டும் ஓடினால் மூச்சு வாங்கும். அதே பணத்துக்கு லெனோவோவின் திங்க்பேட் டி480 பழையதாகக் கிடைக்கிறது. கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவிலும் இணையக் கடைகளிலும் துடைத்துச் சரிபார்த்து விற்கிறார்கள். வாங்கலாம். ஆனால் டி480 என்ற பெயரில் நல்லதும் இருக்கிறது, தொடவே கூடாததும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டி.

இது 2018இல் வந்த மாடல். நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுத்து, சில ஆண்டுகளில் மொத்தமாகவே கழித்துவிட்டவைதான் இப்போது கடைக்கு வருகின்றன. இன்னும் மலிவாக டி470 இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். டி470இன் ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லில் கணக்கிடும் கோர் இரண்டே, டி480இன் எட்டாம் தலைமுறை ஐ5இல் நான்கு. அதோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். பழைய சில்லிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள், அடுத்த பெரிய அப்டேட்டில் அது நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அதனால் "விண்டோஸ் 11 இருக்கு பாஸ்" என்ற பேச்சை நம்பாமல் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து சில்லின் பெயரைப் பாருங்கள். ஐ5க்குப் பின்னால் வரும் எண் 8இல் தொடங்க வேண்டும்: 8250யூ அல்லது 8350யூ. ஐ7க்கு அதிகம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதிலும் நான்கு கோர்தான், வேகம் கொஞ்சம் கூட, சூடும் கூட. அந்தப் பணம் ரேமுக்கு உதவும்.

தமிழில் எழுதும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது சில்லை அல்ல, திரையை. டி480 இரண்டு பொதுவான திரைகளோடு வந்தது: 1366க்கு 768 புள்ளி கொண்ட டிஎன் வகைத் திரை, 1920க்கு 1080 புள்ளி கொண்ட ஐபிஎஸ் வகைத் திரை. முதலாவதை ஆங்கிலம் மட்டும் வாசிப்பவர் சகித்துக்கொள்வார், தமிழுக்கு அது ஆகாது. நிர்மலா யூஐ எழுத்துருவில் 11 அளவில் 'ணூ', 'ஞூ', 'ழூ' போன்ற எழுத்துகளின் சுழியும் வாலும் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகத் தெரியும். ஒரு சொல்லில் புள்ளி விழுந்திருக்கிறதா இல்லையா என்று மூக்கைத் திரையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழில் இடுபணி எழுதுகிறவர் ஆறாயிரம் சொல்லை அப்படிப் பிழை திருத்த முடியாது. எழுத்தைப் பெரிதாக்கலாமே என்றால், 768 புள்ளி உயரத்தில் வேர்டின் மேல்பட்டை போக மிஞ்சுவது சில வரிகள்தான்.

எந்தத் திரை என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. திரையில் ஏதாவது படத்தைத் திறந்து, மேசை மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்திக் கீழிருந்து பாருங்கள். டிஎன் என்றால் நிறம் கறுத்துத் தலைகீழாகத் திரியும், ஐபிஎஸ் என்றால் அப்படியே நிற்கும். பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்றை முழுத்திரையில் வைத்து அழுத்தம் பட்ட வெளிர்த் திட்டு, செத்த புள்ளி இருக்கிறதா பாருங்கள். ஐபிஎஸ் திரைக்கும் குறை உண்டு: ஒளி 250 நிட் மட்டுமே, நிறமும் வெளுப்பு. நூலகத்திலும் விடுதி அறையிலும் போதும். மாமாக் உணவுக் கடையின் வெளிமேசையில் நடுப்பகலில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். வரைகலை, புகைப்படம் படிக்கிறவர்கள் வேறு கணினி பார்ப்பது நல்லது.

இந்தக் கணினியின் தனிச்சிறப்பு இரட்டை பேட்டரி. உள்ளே 24 வாட்-மணி கொள்ளளவு கொண்ட ஒன்று, பின்புறம் கழற்றி மாட்டும் ஒன்று. பின்புறத்தது 24, 48, 72 என்று மூன்று அளவில் உண்டு. முதலில் பின்புறப் பேட்டரி கரையும், அது தீர்ந்த பிறகே உள்ளது இறங்கும். அதனால் கணினியை அணைக்காமலே பின்புறத்ததைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். 48உம் 72உம் கீழே புடைத்து நிற்கும். விசைப்பலகை சற்றுச் சாய்வாக உயரும், கைக்கு அது வசதிதான், ஆனால் பையில் கனக்கும். எல்ஆர்டி ரயிலில் தினமும் நின்றுகொண்டு போகிறவருக்கு 48 போதும்.

பேட்டரியின் உண்மை நிலையைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து ஆங்கிலத்தில் எழுதி என்டர் தட்டினால் ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக, பிறந்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் கொள்ளளவும் இருக்கும். கடைக்காரர் "பேட்டரி 90 சதவீதம்" என்று சொன்னால் எந்தப் பேட்டரி என்று கேளுங்கள். புதிதாக மாட்டிய பின்புறத்ததைக் காட்டிவிட்டு உள்ளே கிடக்கும் கிழடைப் பற்றிப் பேசாமல் இருப்பது வழக்கம். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பி இருந்தாலோ, அழுத்தும்போது சொடுக்குச் சத்தம் வராமல் கெட்டியாக இருந்தாலோ உள்பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தக் கணினியைக் கீழே வைத்துவிடுங்கள்.

சார்ஜ் ஏறுவது யூஎஸ்பி-சி வழியாக. இடப்பக்கம் அந்த வகைத் துளை இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் ஏற வேண்டும். செருகியதும் மூடியின் மேல் பொறித்திருக்கும் திங்க்பேட் பெயரில் ஐ எழுத்தின் சிவப்புப் புள்ளி மூன்று முறை மின்னும். ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிச் செருகி இந்த மூன்று மின்னலை எண்ணுங்கள், கேபிளை லேசாக ஆட்டியும் பாருங்கள். காரணம் இருக்கிறது. இந்தத் தலைமுறை திங்க்பேட்களில் யூஎஸ்பி-சி துளையை இயக்கும் தண்டர்போல்ட் கட்டுப்பாட்டுச் சில்லின் ஃபர்ம்வேரில், அதாவது சில்லுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில், ஒரு பிழை இருந்தது. முதலில் யூஎஸ்பி-சி துளை தடுமாறும், பிறகு சார்ஜ் ஏறாது, வெளித்திரைக்குப் படமும் போகாமல் போகலாம். லெனோவோ திருத்தம் வெளியிட்டது. ஆனால் பழுது முற்றிய பிறகு அப்டேட் செய்து பயனில்லை; தாய்ப்பலகையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தச் சில்லை வெளியிலிருந்து மீண்டும் எழுதத் தெரிந்தவரிடம் போக வேண்டும். அதனால் வாங்கி வந்த அன்றே லெனோவோ வான்டேஜ் செயலியில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பார்த்துப் போட்டுவிடுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

இந்தத் துளையால் ஒரு லாபமும் உண்டு. 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று இருந்தால் கைப்பேசிக்கும் கணினிக்கும் அதுவே போதும், விடுதி அறையில் ஒரு மூன்று முள் பிளக்கோடு காரியம் முடியும். கைப்பேசியோடு வரும் சின்ன சார்ஜர் இதற்கு ஆகாது. 20 வோல்ட் கொடுக்கக்கூடிய, குறைந்தது 45 வாட் சார்ஜர் வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த கணினியோடு தட்டை முள் வயர் இருந்தால் பதற வேண்டாம். சார்ஜரின் அடியில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி பூட்டு. கணினியை இயக்கியதும் எஃப்1 விசையைத் தட்டினால் பயோஸ் எனும் அடிப்படை அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டால் அது பழைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. உள்ளிருக்கும் நாணய வடிவச் சின்னப் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் அது மற்றக் கணினிகளின் கதை, திங்க்பேட்டில் போகாது. லெனோவோவின் முறைப்படி தாய்ப்பலகையை மாற்றுவதுதான் வழி. விண்டோஸ் சாதாரணமாக ஓடும், அதனால் வாங்கும்போது யாருக்கும் தெரியாது. ரேம் கூட்டப் பயோஸுக்குள் போகும் நாளில்தான் தெரியும். இரண்டாவது பூட்டு இணையத்தில் இருக்கிறது: கணினியின் அடையாளம் நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியே இருந்தால், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவும்போது அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வரவேற்று அலுவலக மின்னஞ்சல் கேட்கும். இதைக் கண்டுபிடிக்க, கடையில் வைஃபையை இணைத்துவிட்டு 'ரீசெட்' செய்யச் சொல்ல வேண்டும். வைஃபை இல்லாமல் செய்தால் பூட்டு வெளிப்படாது. அரை மணி நேரமாவது ஆகும், கீழே போய் ஒரு தே ஓ ஐஸ் குடித்துவிட்டு வரலாம்.

ரேம் பெரும்பாலும் 8 ஜிபி ஒரே துண்டாக இருக்கும். துளை இரண்டு. இன்னோர் 8 ஜிபி டிடிஆர்4 துண்டு சேர்த்தால் மாணவர் வேலை எதற்கும் போதும். இரண்டு துண்டாக இருக்கும்போது உள்ளமைந்த வரைகலையும் சற்று வேகம் பெறும். அடிமூடியைத் திறக்கும் முன் பயோஸில் கான்ஃபிக், பவர், அதற்குள் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி அணைந்ததும் பின்புறப் பேட்டரியை உருவி எடுங்கள். அடியில் ஆறு திருகாணி. அவை தளரும், ஆனால் கழன்று வெளியே வராது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், இழுத்துப் பிடுங்காதீர்கள். பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தைச் செருகி மூடியை நெம்பினால் போதும். கத்தியோ திருப்புளியோ விட்டால் பிளாஸ்டிக் கொக்கி உடையும். மூடிய பிறகு சார்ஜரைச் செருகினால்தான் உள்பேட்டரி விழிக்கும். முதல் முறை உயிர் வரவில்லையே என்று பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்.

விசைப்பலகை அருமை. ஆழமாக இறங்கி எழும், நீண்ட கட்டுரைக்கு விரல் வலிக்காது. விண்டோஸ் 11இல் தமிழ்99 விசை அமைப்பும், நம் கோலாலம்பூர்க்காரர் முத்து நெடுமாறனின் அஞ்சல் விசை அமைப்பும் இயல்பாகவே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம், தனிச் செயலி வேண்டாம். தமிழ்99காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜப்பானிய விசைப்பலகையோடு வரும் டி480ஐ எடுக்காதீர்கள். தமிழ்99இல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் வலப்பக்க நிறுத்தக்குறி விசைகளில் உட்கார்ந்திருப்பவை. ஜப்பானியப் பலகையில் அந்த விசைகளின் மேல் வேறு குறிகள் அச்சாகியிருக்கும், ஸ்பேஸ் பட்டை குட்டையாக இருக்கும், பேக்ஸ்பேஸும் சிறுத்திருக்கும். பார்த்து அடிப்பவர் தடுமாறுவார். பார்க்காமல் அடிப்பவரும் ஸ்பேஸுக்குப் பதில் பக்கத்து விசையை மிதிப்பார். இடக்கோடியில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் இருப்பது திங்க்பேட்டின் பழைய பிடிவாதம். பயோஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

கேமரா 720பி, வகுப்பில் முகம் காட்டப் போதும். ஒலிபெருக்கி கீழ்நோக்கிப் பேசும், இயர்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ, லேன் கேபிள் துளை, எஸ்டி அட்டைத் துளை எல்லாம் உடம்பிலேயே உண்டு, விரிவுரை மண்டபத்தில் அடாப்டர் கடன் கேட்கும் வேலை இல்லை. காற்று அடிப்புறத்திலிருந்து உள்ளே போவதால் மெத்தையில் வைத்து ஓட்டினால் மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும். விசைப்பலகையில் நீர் வடியும் வழி இருப்பது உண்மைதான், ஆனால் அது வெறும் தண்ணீருக்கு. தே தாரேக் கொட்டினால் பாலும் சீனியும் விசைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு விசை மேலெழாது. உடனே அணைத்து, பேட்டரியை உருவிக் கவிழ்த்து வையுங்கள். விசைப்பலகை மட்டும் தனியாக மாற்றக் கிடைக்கும்.

பணம் கொடுக்கும் முன் ரசீதில் மாடல், கணினியின் தொடர் எண், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கடை பிறகு கைவிரித்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம், ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும். வருமான வரி கட்டும் அம்மாவோ அப்பாவோ வாங்கிக் கொடுத்தால் ரசீது அவர் பெயரில் இருக்கட்டும். பிள்ளைக்கு வாங்கிய கணினியையும் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரி விலக்கில் சேர்க்கலாம்.