பவர் கண்டிஷனர்: வால்வு ஆம்புக்குத் துணை, டிரான்சிஸ்டர் ஆம்புக்குத் தடை

ரிலே முனைகள் கருகியதால் காரைக்குடியில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பவர் கண்டிஷனர், அதாவது வீட்டு மின்சாரத்தைச் சீராக்கி ஆம்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்பும் பெட்டி, சென்ற வாரம் வீடு வந்து சேர்ந்தது. அது இல்லாத நாட்களில் என் வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டர் ஆம்ப் இரண்டையும் சுவர் பிளக்கிலேயே நேரடியாகச் செருகிக் கேட்டதில், கண்டிஷனரால் உண்மையில் பயன் உண்டா என்ற நெடுநாள் சந்தேகம் தீர்ந்தது. விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று தேவகோட்டை அத்தானும் கேட்டிருந்தார்.

வால்வு ஆம்புக்கு அது செய்யும் உபகாரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் விளக்கு வைக்கும் நேரத்தில் 230 வோல்ட் 195க்கு இறங்குவதும் நள்ளிரவில் 250ஐத் தொடுவதும் வழக்கம். என் ஆம்பிலுள்ள இஎல்34 வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து நேரே அதற்கு மின்சாரம் போவதால், 195 வோல்ட்டில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.3தான். எலக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடு போதிய சூடேறாது, அவற்றை ஈர்க்கும் பிளேட்டின் வோல்டேஜும் கூடவே இறங்கிவிடும். கண்டிஷனர் இல்லாத மாலைகளில் நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை மெலிந்தே ஒலித்தது. அது திரும்பி வந்த அன்றே பழைய கனமும் வந்துவிட்டது.

டிரான்சிஸ்டர் ஆம்பின் கதை நேர்மாறானது. கிளாஸ் ஏ வால்வு ஆம்ப் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும். கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டர் ஆம்போ, தவிலில் ஓங்கி ஓர் அடி விழும்போதுதான் மிகுதியாகக் கேட்கிறது. அதுவும் மின்னலையின் உச்சியில், 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெபாசிட்டர்கள் நிரம்பும் அந்தச் சிறு நொடிப்பகுதியில் மொத்தமாக இழுக்கிறது. இடையில் நிற்கும் கண்டிஷனர் சுருள்களின் தடை அந்த இழுப்பை மட்டுப்படுத்திவிடுகிறது. நேரடி பிளக்கில் தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் அடி விரல் விரலாகப் பிரிந்து கேட்டது. கண்டிஷனர் வழியே அதே அடி மழுங்கிவிடுகிறது.

எனக்குப் பொறுக்க முடியாதது கண்டிஷனரின் ரீங்காரம். ஆத்தங்குடிக் கல் பாவி, வெள்ளைக்கரு பூசி வழவழவென்று இழைத்த சுவர்களைக் கொண்ட எங்கள் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) சிறு சத்தமும் அடங்காது. தேக்கு அலமாரியிலிருந்து தரைக்கு மாற்றினேன், அடியில் ரப்பர் வைத்தேன், பழுது பார்த்தவரிடமும் சொன்னேன். ஆலாபனை தாழ்ந்து வரும் இடத்தில் அது இன்றும் முன்னால் வந்து நிற்கிறது. கேட்பதற்கென்றே வாங்கிய பொருள் கேட்பதைக் கெடுப்பதை எப்படிப் பொறுப்பது?

எர்த்துக்கும் இது மாற்றாகாது. எங்கள் செம்மண் கோடையில் காய்ந்து இறுகி, மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் கண்டிஷனருக்குள் இருக்கும் சர்ஜ் பாதுகாப்பும் (திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் அமைப்பும்) அரைகுறைதான்.

அத்தானிடம் இருப்பதும் வால்வு ஆம்ப்தான். ஆனாலும் வேண்டாம் என்றே சொன்னேன். முதலில் எர்த் குழியைச் சரிசெய்து, வோல்டேஜைச் சீராக வைக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கி, பாட்டுக் கேட்கும் இடத்தில் வைக்காமல் முகப்புத் திண்ணைப் பக்கம் வைத்து, அங்கிருந்து தனி ஒயர் இழுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.