பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா? மொரீசியஸ் தமிழாசிரியர்களுக்கு

வாட்ஸ்அப் குழுவில் போட்ட பயிற்சித்தாளை அடுத்த ஜனவரியில் பள்ளி திறக்கும்போது தேடி எடுப்பது பெரும்பாடு. தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்த் தேர்வான பிஎஸ்ஏசியின் மாதிரி வினாக்களை வகுப்புவாரியாகச் சேர்த்து வைக்க வலைப்பூதான் சரி. இலவசமாகத் தொடங்க பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் இரண்டுமே போதும். படிக்கப்போவது மாணவர்களா, சக ஆசிரியர்களா என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாணவர்கள் என்றால் பிளாகர். நீங்களாக இயக்காதவரை அதில் விளம்பரம் வராது. வேர்ட்பிரஸ்.காம் இலவசத் திட்டத்தில் எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை உயிரெழுத்து படிக்கும் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். பிளாகரில் ஒரு குறை, பிடிஎஃப் கோப்பை நேரடியாக ஏற்ற முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி, 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கலாம் என்று மாற்றி, அந்த இணைப்பை இடுகையில் ஒட்ட வேண்டும். மாற்ற மறந்தால், திறப்பவர்களெல்லாம் அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள்.

சக ஆசிரியர்களுக்கு என்றால் வேர்ட்பிரஸ். பிடிஎஃப் நேரடியாக ஏறும். இடம் 1 ஜிபிதான், படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். இதன் பெரிய பலம் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுப்பது: 'பங்களிப்பாளர்' எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது, 'தொகுப்பாளர்' (Editor) நிலையில் உள்ளவர் ஒற்றுப்பிழை பார்த்து வெளியிடுவார். பிளாகரில் எழுத அனுமதி பெற்றவர் நேரே வெளியிட்டுவிடலாம்.

இரண்டிலும் தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாகர் அந்த எழுத்துகளை உதிர்த்துவிட்டு, எல்லா இடுகைக்கும் ஒரே மாதிரியான பொது முகவரி கொடுத்துவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் பகிரும்போது ஒவ்வொரு குறியும் %E0 போன்ற விழுக்காட்டுக் குறியீடாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக நீளும். வெளியிடும் முன் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்பை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

பின்தொடர்வதற்கும் இரண்டு வழி. மின்னஞ்சல் சந்தா வேர்ட்பிரஸ்ஸில் உள்ளேயே இருக்கிறது. பிளாகர் அதற்கு நம்பியிருந்த ஃபீட்பர்னர் மின்னஞ்சல் சேவை 2021இல் நின்றுபோனது. நான்கைந்து வலைப்பூக்களுக்கு மேல் படிப்பவர்களுக்கு புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஃபீட்லி போன்ற செய்தியோடை வாசிப்பானே மேல்: வலைப்பூ முகவரியை ஒட்டினால் ஓடையை அதுவே கண்டுபிடிக்கும், இலவசமாக 100 தளங்கள் வரை சேர்க்கலாம். பிளாகர், வேர்ட்பிரஸ் எதுவானாலும் ஒன்றாகவே வந்து சேரும். இலக்கணம், கதை, பிஎஸ்ஏசி என்று கோப்புறை பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் குவிந்துவிடும்.

மாணவர் படம் போடுவதில் அவசரம் கூடாது. 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 16 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் தேவை. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனப் பாடநூல்களையும் ஸ்கேன் செய்து ஏற்றாதீர்கள். பாடத் தலைப்பும் பக்க எண்ணும் போதும்.

குழுவாக நடத்தினால் நிர்வாகி இருவர் இருக்கட்டும். ஒரே நிர்வாகி ஓய்வுபெற்று கடவுச்சொல்லும் போய்விட்டால், மற்றவர்கள் அமைப்புகளை மாற்றவோ புதியவரைச் சேர்க்கவோ முடியாது.